226 கி.மீ. முதல் முறை, கூடவே நன்கொடை திரட்டல்: 30 வாரம் போதுமா?

#1 ஆமைவேகம்

வணக்கம். முழு நீள டிரையத்லானுக்கு (3.8 கி.மீ. நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம்) இன்னும் 30 வாரம் இருக்கிறது. புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக இதை வைத்து நிதி திரட்ட எண்ணம். இப்போதைய நிலை: குளத்தில் 400 மீட்டர் 9:40, 200 மீட்டர் 4:40. சைக்கிள் 90 கி.மீ. மூன்றரை மணி நேரம். ஓட்டம் 21 கி.மீ., கிலோமீட்டருக்கு 7 நிமிடம். வாரம் 7 மணி நேரப் பயிற்சி உடம்புக்குப் பழகிவிட்டது.

கட்-ஆஃபுக்குள் (போட்டியின் நேர வரம்புக்குள்) வர முடியுமா? வாரத்தை எப்படிப் பிரிப்பது? நன்கொடை கேட்பதை எப்போது ஆரம்பிப்பது? மூன்றுக்கும் கணக்கோடு பதில் கிடைத்தால் நல்லது.

#2 உப்புக்காற்று

முடியும். கணக்கைப் பாருங்கள்.

பல போட்டிகளில் நீச்சலுக்கு 2:20 மணி நேரம், சைக்கிள் முடிக்கத் தொடக்கத்திலிருந்து 10:30, மொத்தம் 17:00. போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால் உங்கள் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2:20 என்றால் 100 மீட்டருக்கு 3:41 நிமிடம். உங்கள் எல்லை வேகம், அதாவது ஓரளவு நேரம் விடாமல் தாங்கும் உச்ச வேகம், (9:40 கழித்தல் 4:40) ÷ 2 = 2:30. இந்த வேகத்தில் 3.8 கி.மீ. முழுக்க நீந்த முடியாது. 2:45 என்று வையுங்கள். திறந்த நீரில் யாரும் நேர்கோட்டில் போவதில்லை, 4.1 கி.மீ. ஆகிவிடும். மொத்தம் 1:53. கையில் 25 நிமிடத்துக்கு மேல் மிச்சம்.

தண்ணீருக்குள் இரண்டு மணி, உடை மாற்றப் பத்து நிமிடம் என்று தாராளமாகவே வைத்தாலும் சைக்கிளுக்கு 8:20 இருக்கிறது. மணிக்கு 21.6 கி.மீ. போதும். கடைசி நிமிடத்தில் சைக்கிளை இறக்கினாலும், மறுபடி உடை மாற்றும் பத்து நிமிடம் போக ஓட்டத்துக்கு 6:20, கிலோமீட்டருக்கு 9 நிமிடம். மெதுவோட்டமும் வேக நடையும் கலந்தாலே போதும். ஆகவே வேகம் உங்கள் பிரச்சினை இல்லை. வயிறு, டயர், முழங்கால், மனப்பதற்றம் இவற்றில் ஏதாவது ஒன்றுதான் முதல் முறை வருபவரை நிறுத்தும்.

நீச்சலில் உடனே மாற்ற வேண்டியது திசை பார்க்கும் பழக்கம். தலையை முழுக்கத் தூக்கினால் இடுப்பு அமிழும், கால் பிரேக் போட்டது மாதிரி ஆகும். முதலை மாதிரி கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வர வேண்டும். வாய் உள்ளேயே இருக்கட்டும். மிதவையைப் பார்த்ததும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுங்கள். பார்ப்பதும் மூச்சு எடுப்பதும் ஒரே அசைவின் இரண்டு பாதிகள். 6 முதல் 8 கைவீச்சுக்கு ஒரு முறை. குளத்திலேயே ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு முறை இதைச் செய்து பழகலாம்.

வாரம் மூன்று நாள், மொத்தம் 6 முதல் 8 கி.மீ. ஒரு நாள் நுட்பம், ஒரு நாள் 10 × 200 மீ. (இடையே 20 விநாடி ஓய்வு), ஒரு நாள் நிற்காமல் நீளமாக. போட்டிக்கு நான்கு வாரம் முன்பு ஒருமுறை 3.8-ஐ முழுதாக நீந்திவிடுங்கள், ஒருமுறை போதும்.

#3 மெதுநடை

வாரப் பிரிப்பு. 30 வாரத்தில் முதல் 13 அடித்தளம், அடுத்த 14 ஏற்றம், கடைசி 3 டேப்பர் (போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பது). மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். 7 மணியில் தொடங்கி உச்ச வாரத்தில் 13 மணி. அதில் பாதிக்கு மேல் சைக்கிள்தான், ஏனென்றால் போட்டி நாளிலும் பாதி நேரம் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

நீள சைக்கிள் 3 மணியிலிருந்து 6 மணி வரை வளர வேண்டும். 150-160 கி.மீ. சவாரி இரண்டு அல்லது மூன்று போதும். இரு வாரத்துக்கு ஒரு முறை இறங்கியவுடன் 20-30 நிமிட ஓட்டம், அதுதான் ப்ரிக். இறங்கியதும் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும் முதல் பத்து நிமிடத்துக்கு உடம்பைப் பழக்கத்தான் அது. அதையே ஒன்றரை மணி நேரம் ஓடினால் பயன் கூடாது, அலுப்புதான் கூடும்.

நீள ஓட்டத்தில் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாதீர்கள்.

#4 பாறைவழி

@மெதுநடை அண்ணா, ஒரு மாரத்தானே இருக்கிறது, 32 கி.மீ. ஒருமுறையாவது ஓட வேண்டாமா? மாரத்தான் திட்டங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறதே.

#5 மெதுநடை

தனி மாரத்தானுக்குச் சரி. இங்கே பயிற்சி வேகம் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்றால் 32 கி.மீ. என்பது நான்கு மணி நேரம். அதிலிருந்து தேற ஒரு வாரம் போகும். அந்த வாரத்தின் நீள சைக்கிளும் அதோடு போய்விடும். தாங்கும் திறனை சைக்கிளில் வளர்த்துக்கொள்ளலாம், அதில் எலும்பில் அடி விழாது. தசைநார்களைத் தரையின் அடிக்குப் பழக்க வாரம் மூன்று அல்லது நான்கு சிறு ஓட்டம் போதும்.

போட்டியில் நடை உண்டு என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. முதல் கிலோமீட்டரிலிருந்தே. 25-வது கிலோமீட்டரில் வேறு வழியில்லாமல் ஆரம்பிக்கும் நடை மறுபடி ஓட்டமாக மாறுவது அபூர்வம்.

#6 கெண்டைக்கால்

ஒரு குறுக்கீடு. கணைக்கால் எலும்பில் (முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம்) விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில், ஒரு நாணயம் அளவு இடத்தில் வலித்தால், அதுவும் ஓடி முடித்த பிறகும் நீடித்தால், அதைத் தசைவலி என்று ஒதுக்காதீர்கள். எலும்பு விரிசலின் தொடக்கமாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். எலும்பின் ஓரம் நெடுகப் பரவிய வலி வேறு வகை, பெரும்பாலும் சுமையைக் குறைத்தால் அடங்கும்.

வாரம் இரண்டு முறை, 30 நிமிடம்: ஒற்றைக் காலில் குதிகால் தூக்கல் 3 × 12, ஒற்றைக் கால் படி இறக்கம் 3 × 10, எடையோடு இடுப்பு மடக்கல் 3 × 8. வாரக்கணக்கில் குறையாத சோர்வு, பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது, அடிக்கடி சளி: இவை சோம்பல் இல்லை, சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளம்.

#7 பல்சக்கரம்

சைக்கிள் பகுதி என்னுடையது. 180 கி.மீ.-யில் ஏறோ (காற்றுத்தடையைக் குறைக்கும்) சக்கரத்துக்குச் செலவழிப்பதைவிடப் பொருத்தமான உட்காரும் நிலைக்குச் செலவழியுங்கள். ஐந்தாவது மணியில் கழுத்து வலித்து நிமிர்ந்து உட்கார்ந்தால் ஏறோ எல்லாம் காற்றோடு போயிற்று.

வேகக் கட்டுப்பாடு: பவர் மீட்டர் (மிதிக்கும் திறனை வாட்டில் காட்டும் கருவி) இருந்தால் எஃப்டிபியில் (சுமார் ஒரு மணி நேரம் தாங்கும் உச்சத் திறன்) 65-70 சதவீதம். எஃப்டிபி 200 வாட் என்றால் 130-140. மேட்டிலும் 170-ஐத் தாண்டாதீர்கள். மீட்டர் இல்லையா? ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல வர வேண்டும். முதல் 60 கி.மீ. வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகத்தான் இருக்கும், நூறு பேர் தாண்டிப் போவார்கள். போகட்டும்.

முன்னால் போகிறவரின் பின்னாலேயே ஒட்டிப் போவது நீச்சலில் தவறில்லை, சைக்கிளில் தண்டனை. பல போட்டிகளில் முன் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை 12 மீட்டர் இடைவெளி. அதற்குள் நுழைந்தால் 25 விநாடியில் தாண்டியாக வேண்டும், பாதியில் பின்வாங்கக் கூடாது. ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். ஜெல் (சிறு உறையில் வரும் மாவுச்சத்துக் கூழ்) உறையைச் சாலையில் எறிந்தாலும் அப்படித்தான்.

பஞ்சர். புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது வால்வு நீளத்தில். சக்கர விளிம்பின் ஆழம் 50 மி.மீ., பையில் இருக்கும் மாற்று டியூபின் வால்வு 42 மி.மீ. துளைக்கு வெளியே எட்டிக்கூடப் பார்க்காது. 60 மி.மீ.-க்குக் குறையாமல் வாங்குங்கள், அல்லது நீட்டிப்புக் குழாயைச் சேர்த்து வையுங்கள்.

மாற்றும் வரிசை: பின் சக்கரமாக இருந்தால் முதலில் செயினைச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். சக்கரத்தைக் கழற்றி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரை நுழைத்து டயரின் ஒரு ஓரத்தை மட்டும் வெளியே எடுங்கள். டியூபை உருவி, சற்றுக் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். டயரில் அதே இடத்தில் முள் இருக்கும். விரலை வெறுமனே உள்ளே ஓட்டாதீர்கள், கிழிக்கும். ஒரு துணித்துண்டால் உள்சுவரைச் சுற்றித் துடையுங்கள், துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள். ஓட்டை டியூபின் உட்பக்கத்தில், சக்கரத்தைத் தொடும் பகுதியில் இருந்தால் குற்றவாளி முள் இல்லை, ரிம் டேப் (சக்கர விளிம்பின் உட்பக்கத்தை மூடும் பட்டை) நகர்ந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் புது டியூப் போட்டால் பத்து கிலோமீட்டரில் இன்னொரு பஞ்சர்.

புது டியூபுக்கு வாயால் ஊதி உருண்டை வடிவம் கொடுத்துப் பிறகு செருகுங்கள். டயர் ஓரத்தை வால்வில் தொடங்காமல் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடித்தால் கடைசிப் பகுதி கட்டை விரலாலேயே ஏறும். ஏற்றியதும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி, டியூப் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்கவில்லை என்று சுற்றிலும் பாருங்கள். பிறகுதான் 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு உருளை. உருளை உறைகுளிராக ஆகும், கையுறையோ துணியோ இல்லாமல் பிடிக்காதீர்கள். இந்த வாயு ரப்பர் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசியும், அதனால் மறுநாள் டயர் இறங்கியிருந்தால் பதற வேண்டாம். வீட்டில் ஐந்து முறை செய்து பாருங்கள். எட்டு நிமிடத்துக்குள் வந்தால் போதும்.

#8 பாறைவழி

சாப்பாடு, தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே. முடிந்த அளவு தண்ணீர் குடித்துக்கொண்டே போனால் சரிதானே?

#9 கெண்டைக்கால்

சரியில்லை, அபாயம். வியர்வையைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல்கள் உப்பி மோதிரம் இறுகுவது, குழப்பம். முற்றினால் வலிப்பு, உயிருக்கே ஆபத்து. மெதுவாக, நெடுநேரம் களத்தில் இருப்பவர்களுக்கே இது அதிகம் வரும். முதல் முறை வருபவர் என்றால் நீங்கள்தான்.

வியர்வையை அளந்துவிடுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் துணியில்லாமல், உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 68.0 கிலோ 67.2 ஆகிறது, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால் 0.8 + 0.5 = மணிக்கு 1.3 லிட்டர் வியர்வை. அத்தனையையும் ஈடுகட்ட முயலாதீர்கள், வயிறு வாங்காது. தாகத்தைக் கேட்டு, மணிக்கு 600-800 மி.லி. எனத் தொடங்கி வெயிலுக்கு ஏற்ப மாற்றுங்கள். முடிவில் உடல் எடையில் 2-3 சதவீதம் குறைந்திருப்பது இயல்பு. எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள்.

மாவுச்சத்து மணிக்கு 60 முதல் 90 கிராம். குளுக்கோஸ் மட்டும் என்றால் 60 கிராமுக்கு மேல் குடல் உறிஞ்சாது, அதைக் கடத்தும் வழி நிறைந்துவிடும். ஃபிரக்டோஸ் வேறு வழியில் போகிறது, அதனால் இரண்டையும் 2:1 கலந்தால் 90 வரை ஏற்றலாம். 750 மி.லி. பாட்டிலில் மால்டோடெக்ஸ்ட்ரின் (குடலில் குளுக்கோஸாக உடையும் மாவுப்பொடி) 50 கிராம், ஃபிரக்டோஸ் 25 கிராம், சாப்பாட்டு உப்பு 1.5 கிராம் (சுமார் 590 மி.கி. சோடியம்). மணிக்கு ஒரு பாட்டில் என்றால் 75 கிராம். சாதாரணச் சர்க்கரையும் பாதிக்குப் பாதி குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ்தான்; இனிப்பு திகட்டும் என்பதைத் தவிர குறையில்லை.

தவறு நடப்பது எங்கே? இந்தப் பாட்டிலைக் குடித்துக்கொண்டே கூடவே ஜெல்லையும் விழுங்கும்போது. வயிற்றுக்குள் கரைசல் கெட்டியாகும், இறங்காமல் நிற்கும், குலுங்கும், பிறகு வாந்தி. ஜெல்லுக்கு வெறும் தண்ணீர் மட்டும். சைக்கிளில் வேகம் கூடினாலும் இதேதான், இரத்தம் காலுக்குப் போனால் வயிற்றுக்குக் கிடைக்காது. @பல்சக்கரம் சொன்ன 65-70 சதவீதம் காலுக்காக மட்டும் சொன்னது இல்லை.

குடலையும் பழக்க வேண்டும். 12-வது வாரத்திலிருந்து நீள சவாரியில் 45 கிராமில் ஆரம்பித்து இரு வாரத்துக்கு 10 கிராம் கூட்டுங்கள். போட்டியில் எந்த நிறுவனத்தின் பானம் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து அதையே பயிற்சியில் குடியுங்கள்.

#10 ஆமைவேகம்

நன்றி. இப்போதே ஒரு தாளில் எழுதி சைக்கிள் மேல்குழாயில் ஒட்டிவிடுவேன். நன்கொடை பற்றி யாராவது?

#11 கணக்குப்பிள்ளை

வந்துவிட்டேன். இரண்டு வழி உண்டு. ஒன்று, அறக்கட்டளை வைத்திருக்கும் அறப்பணி இடத்தில் நுழைவது: நுழைவுச் சீட்டு அவர்கள் தருவார்கள், குறைந்தபட்சத் தொகையை நீங்கள் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்வீர்கள். இரண்டு, நுழைவுக் கட்டணத்தை நீங்களே கட்டிவிட்டு, முடிந்ததைத் திரட்டித் தருவது. முதல் முறைக்கு இரண்டாவதுதான் என் ஓட்டு. முதல் வழியைத்தான் எடுப்பீர்கள் என்றால் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். காயத்தால் விலகினால் தொகைக் கடமை நீடிக்குமா? இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியுமா? தொகை குறைந்தால் மீதியை உங்கள் அட்டையிலிருந்து எடுப்பார்களா?

பணம் உங்கள் சொந்தக் கணக்கைத் தொடவே கூடாது. அறக்கட்டளையின் பக்கத்துக்கு நேராகப் போகட்டும். ரசீதும் கொடையாளர் பெயரில் அவர்களே தரட்டும். சில நிறுவனங்கள் ஊழியர் கொடுத்ததற்குச் சமமாகத் தாமும் சேர்ப்பார்கள். அதற்கு ஊழியர் பெயரிலேயே ரசீது வேண்டும், கெடுவும் உண்டு. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

பயணம், சைக்கிள், தங்குமிடம், கட்டணம் எல்லாம் உங்கள் செலவு. வேண்டுகோளின் இரண்டாவது வரியிலேயே அதை எழுதிவிடுங்கள். "இவர் ஊர் சுற்ற நான் ஏன் கொடுக்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், மனதுக்குள் கேட்டுவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவார்கள். தளக் கட்டணம், அட்டைக் கட்டணம் போக 100-க்கு எவ்வளவு சேரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மொத்தத் தொலைவு 226 கி.மீ. 226 கட்டம் போட்ட ஒரு பலகை செய்யுங்கள்: நீலத்தில் 4, மஞ்சளில் 180, சிவப்பில் 42. ஒரு கட்டம் ஒரு தொகை. ஆள் தன் கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்ததும் அதில் அவர் பெயர். "தாராளமாகக் கொடுங்கள்" என்பதைவிட "137-வது கிலோமீட்டர் காலியாக இருக்கிறது" என்பது கேட்கவும் எளிது, கொடுக்கவும் எளிது. கடைசிக் கிலோமீட்டரை மட்டும் ஏலத்துக்கு வையுங்கள்.

பொதுவில் அறிவிக்கும் முன் நெருங்கிய பத்துப் பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் விழும் தொகைதான் பின்னால் வருபவருக்கு அளவுகோல். வெறும் பலகையில் முதல் ஆளாக எழுத எல்லோருக்கும் கூச்சம். 18-வது வாரம் தொடங்கினால் போதும், இப்போதே தொடங்கினால் போட்டி வருவதற்குள் கேட்பவருக்கும் அலுக்கும், கேட்கப்படுபவருக்கும் அலுக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு செய்தி. போட்டி வாரத்தில் உங்கள் எண்ணும் நேரலைத் தடமறியும் இணைப்பும். முடிந்த 48 மணி நேரத்துக்குள் நன்றி, ஒரு மாதத்துக்குள் கணக்கு.

#12 பாறைவழி

"போட்டியை முடித்தால் தருகிறேன்" என்பவர்களை என்ன செய்வது?

#13 கணக்குப்பிள்ளை

அன்போடு மறுத்துவிடுங்கள். வசூலிப்பது தொல்லை என்பது ஒரு பக்கம். 30-வது கிலோமீட்டரில் மயக்கம் வரும்போது "நான் நின்றால் குழந்தைக்கு மருந்து போகாது" என்ற எண்ணம் மண்டைக்குள் ஓடுவது அதைவிட மோசம். வேண்டுகோளிலேயே ஒரு வரி: நான் முடித்தாலும் முடிக்காவிட்டாலும் பணம் முழுதும் போய்ச் சேரும்.

ஹவாயின் கோனாவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் 2005-ல் ஜான் பிளேஸ் என்ற வீரர், ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்) உறுதியான அதே ஆண்டில், முழுத் தொலைவையும் முடித்தார். எல்லைக்கோட்டை உருண்டு கடந்தார். 2007-ல் இறந்தார். அந்த நோய்க்கான ஆய்வுக்கு நிதி திரட்டுபவர்கள் இன்றும் அவர் நினைவாக எல்லைக்கோட்டில் உருள்கிறார்கள். அவர்கள் பணம் கேட்பது நோயைக் காட்டித்தான், தங்கள் நேரத்தைக் காட்டி இல்லை. உங்கள் பக்கத்திலும் முதல் படம் உங்கள் சைக்கிளாக இருக்க வேண்டாம்.

#14 கெண்டைக்கால்

@கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று. பலகையில் 200 பெயர் நிறைந்த பிறகுதான் பலர் காயத்தை மறைத்துக்கொண்டு களத்துக்குப் போகிறார்கள். 26-வது வாரத்தில் ஒரு நாளை இப்போதே குறித்து வையுங்கள்: அன்று 30 நிமிடம் வலியில்லாமல் ஓட வராவிட்டால் போட்டியைத் தள்ளுவது. அந்தத் தேதியை அறக்கட்டளைக்கும் சொல்லிவிடுங்கள். அப்போது விலகுவது ஏமாற்று இல்லை, முன்பே சொன்ன நிபந்தனை.

#15 உப்புக்காற்று

விட்டுப்போன ஒன்று. வெட்சூட் (நீச்சலுக்கான ரப்பர் உடை) பல போட்டிகளில் நீரின் வெப்பம் 24.5 டிகிரி வரைதான் அனுமதி. அன்று காலைதான் அறிவிப்பார்கள், அது இல்லாமலும் நீந்தப் பழகியிருங்கள். அனுமதித்தால்: கால் நுழையும்போது பிளாஸ்டிக் உறையை மாட்டினால் வழுக்கி ஏறும், நகத்தால் இழுக்காமல் விரல் சதையால் இழுங்கள். அக்குளில் இடைவெளி இருந்தால் தோள் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடும், கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே வாருங்கள். கழுத்துக்கு உராய்வுக் களிம்பு. பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பரைக் கெடுக்கலாம், கையில் ஒட்டிக் காகிள்ஸையும் மங்கலாக்கும்.

தொடக்கத்தில் மூச்சு அடைத்தால் மல்லாந்து மிதந்து பத்து மூச்சு வெளியே விடுங்கள். காப்புப் படகைப் பிடித்துக்கொள்ளலாம், அதைப் பிடித்தபடி முன்னேறாத வரை தகுதிநீக்கம் இல்லை. இருமலோடு நுரை அல்லது இரத்தம் கலந்த சளி வந்தால் அது பதற்றம் இல்லை, நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். கையைத் தூக்கி உடனே வெளியே வந்துவிடுங்கள்.

#16 ஆமைவேகம்

எல்லோருக்கும் நன்றி. பலகையை 18-வது வாரத்துக்குக் குறித்துவிட்டேன். சின்னக் கேள்வி: நேரம் பதியும் சிப் பட்டையை எந்தக் காலில் கட்டுவது? கையேட்டில் இல்லை.

#17 பல்சக்கரம்

இடது கணுக்காலில். செயின் வலப்பக்கம் இருக்கிறது. வெட்சூட் போட்டால் பட்டை அதற்கு அடியில் இருக்கட்டும், மேலே கட்டினால் கழற்றும்போது பட்டையும் சேர்ந்து வந்துவிடும்.